கடைசியாக ஒத்துப்போன இடம்

1

போன கிழமை ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று தன் ஆசிரியையின் முகத்தை நேரே பார்த்து, “இல்லை மிஸ், எனக்கு விளங்கவில்லை” என்று சொன்னது. வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஆசிரியை கோபிக்கவில்லை. அவளுடைய வேலையை அளப்பதற்காக இரண்டு மூலைகளில் உட்கார்ந்திருந்த இருவரும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த ஆசிரியை என் மகள் மைதிலி. அவள் தொடர்ந்து ஆசிரியையாக இருப்பாளா என்பது அந்தப் பிள்ளைக்கு அவள் சொல்லப்போகும் பதிலில் இருந்தது.

இதை ஊருக்கு எழுத வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன். என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் திருகோணமலைத் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற தம்பிராசா. மாவும் சீனியும் சீமெந்தும் என் கண்ணைத் தாண்டித்தான் கரை ஏறின. இப்போது இந்த அவுஸ்திரேலியப் பழத்தோட்ட ஊரில் எண்ணுவதற்கு மூட்டை இல்லை. ஆகவே தெருவின் விளக்குக் கம்பங்களையும், முன்வீட்டுக் கூரையில் வந்து கத்தும் வெள்ளைக் கிளிகளையும், காலையில் விழுங்கும் மருந்துக் குளிசைகளையும் எண்ணுகிறேன். கிளிகள் ஒரு இடத்தில் நிற்பதில்லை. அதனால் கணக்கு எப்போதும் பிழைக்கிறது. நிம்மதி இல்லை.

2

மைதிலி ஊரில், துறைமுக வீதிக்குக் கிட்ட உள்ள ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தவள். இங்கே வந்ததும் அந்தப் படிப்பும் அனுபவமும் ஒரு உறைக்குள் போய்விட்டன. பேரிக்காய் தெரிவு செய்யும் கொட்டகையில் நின்றாள். மருமகன் பாரவூர்தி ஓட்டினார். பிறகு இருக்கிற நேரத்தில் இந்த நாட்டு ஆசிரியப் படிப்பைத் திரும்பப் படித்து முடித்தாள். இந்த ஊர்ப் பாடசாலை ஒன்றில் நான்காம் வகுப்புக் கொடுத்தார்கள். ஆனால் பதிவு தற்காலிகம்தான். நிரந்தரமாக வேண்டுமென்றால் ஆசிரியர்களுக்கென்று வகுத்திருக்கிற தராதரங்களை நிறைவு செய்ததாகக் காட்ட வேண்டும். இரண்டு பேர் வகுப்பில் இருந்து பார்த்து ஒப்பமிட வேண்டும்.

பெயரிலும் ஒரு கூத்து நடந்தது. அவளுடைய பட்டச் சான்றிதழில் என் பெயர் பின்னால் இருந்தது. அதையே குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். முழுப் பெயரும் பிள்ளைகளின் வாயில் நிற்கவில்லை. இப்போது அவள் பாடசாலை முழுவதற்கும் ‘மிஸ் தம்பி’. மாற்றுவதற்கு எழுதுவோம் என்றேன்.

“விடுங்கோ அப்பா. அதுகள் ஆசையாக் கூப்பிடுதுகள். மாத்தப்போனா இன்னும் மூண்டு கந்தோருக்கு அலையோணும்.”

எங்கள் ஊரில் தராதரம் என்றால் பிள்ளைக்குத்தான். கல்விப் பொதுத் தராதரப் பரீட்சை என்று பிள்ளையைத்தான் நிறுத்துப் பார்த்தோம். இங்கே ஆசிரியரை நிறுக்கிறார்கள். நான் அந்தத் தாள்களை வாங்கி, குசினி மேசையில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன். மொத்தம் ஏழு தராதரங்கள். முதலாவது: மாணவரை அறிந்திருத்தல், அவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதை அறிந்திருத்தல். பாடத்தை அறிந்திருத்தல் இரண்டாவதாக வந்தது. தாள் அடுக்குவதில் பிழை விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன்.

“பிள்ளை, இதில ஒழுங்கு மாறிக் கிடக்கு. ரண்டாவது முன்னுக்கு வரோணும்.”

“மாறேல்ல அப்பா. அப்பிடித்தான்.”

“பாடம் தெரியாம, பிள்ளையை மட்டும் தெரிஞ்சு என்ன செய்யிறது?”

“பிள்ளையைத் தெரியாம, பாடத்தை ஆருக்குச் சொல்லுறது?”

நான் தாளைக் கீழே வைத்தேன். திரும்ப எடுத்து மிச்சத்தையும் வாசித்தேன். பிள்ளை பயமில்லாமல் இருக்கும் இடத்தை உண்டாக்குவதும் ஆசிரியரின் வேலை என்று ஒன்று. ஆசிரியரும் ஓயாமல் கற்க வேண்டும் என்று இன்னொன்று. பெற்றோரோடு கதைக்க வேண்டும் என்பதும் இருந்தது. ஒரு நாட்டின் பெரியவர்கள் கூடியிருந்து, ஒரு பிள்ளைக்கு முன்னால் நிற்கப்போகிறவருக்கு இவ்வளவு வேண்டும் என்று சொல்லுக்குச் சொல் பார்த்து எழுதியிருக்கிறார்கள். கோயிலில் கருவறைக்குப் போகிறவருக்குத்தான் இத்தனை நியமம் இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

3

அவர்கள் முதல் தடவை வந்து பார்த்தபோது மைதிலிக்குச் சரிவரவில்லை.

அது எங்களுடைய பழக்கத்தால் வந்தது. ஊரில் ஆசிரியர் ஒரு கணக்கைச் செய்து முடித்ததும் திரும்பி நின்று, “விளங்கிச்சா?” என்பார். வகுப்பு முழுவதும் ஒரே குரலில், “ஓம் டீச்சர்” என்று இழுக்கும். அவள் படிப்பித்த மண்டபத்தில் அலுமாரிகளை நிறுத்தி வகுப்புகளைப் பிரித்திருந்தார்கள். ஒரு பக்கத்து ‘ஓம் டீச்சர்’ முடிய அடுத்த பக்கத்து ‘ஓம் சேர்’ எழும்பும். வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது அந்தச் சத்தம் வீதிவரை கேட்கும். என்ன மாதிரிப் படிப்பு நடக்கிறது என்று எனக்கு நெஞ்சு நிமிரும்.

இங்கேயும் அவள் ஒவ்வொரு வரிக்கும் “விளங்கியதா?” என்று கேட்டிருக்கிறாள். முன்வரிசைப் பிள்ளைகள் சிலர் தலையாட்டியிருக்கிறார்கள். அவள் அடுத்த வரிக்குப் போயிருக்கிறாள். பாடம் முடிந்தபின் கிரெக் என்பவர், அவளுக்கு வழிகாட்டியாக விடப்பட்ட மூத்த ஆசிரியர், ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: “பிள்ளைகளுக்கு விளங்கியது என்பது உனக்கு எப்படித் தெரியும்?”

“கேட்டேன். ஆம் என்றார்கள்.”

“எல்லோருமா?”

மற்றப் பார்வையாளரான பிரதி அதிபர் ஹெலன், இன்னொரு தரம் பார்ப்போம் என்று மட்டும் சொன்னாராம். அந்த இன்னொரு தரமும் சரிவராவிட்டால் பதிவு இல்லை. பதிவு இல்லாவிட்டால் வகுப்பு இல்லை. திரும்பவும் பேரிக்காய்க் கொட்டகை.

எனக்கு ஆத்திரம் வந்தது. “பிள்ளை ஓம் எண்டு சொன்னா அது ஓம்தானே. சத்தியக் கடதாசியே வாங்குறது?”

மைதிலி சாப்பிடாமல் சோற்றுக் கோப்பையைத் தள்ளினாள். “அப்பா, நீங்கள் கப்பலில கேட்டு எழுதினனீங்களோ? ‘மூட்டை எல்லாம் இறங்கிட்டுதா’ எண்டு கேக்க, அவங்கள் ‘ஓம்’ எண்டு சொல்ல, நீங்கள் கையெழுத்து வைச்சனீங்களோ?”

வைத்ததில்லை. கோப்பையைத் திரும்ப அவள் பக்கம் தள்ளினேன்.

4

ஊரில், அன்புவழிபுரத்தில் இருக்கும் நடேசன் மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் வருவார். என்னோடு ஒன்றாகப் படித்தவர், ஆயுள் முழுவதும் படிப்பித்தவர். அவரிடம் இந்த ஏழு தராதரங்களையும் வாசித்துக் காட்டினேன்.

“நல்ல காலம் நான் உந்த நாட்டுக்கு வரேல்ல,” என்றார். “முதலாவதிலேயே என்னைக் கலைச்சிருப்பாங்கள். கடைசி வாங்கில இருந்தவங்கட பேரே எனக்குப் பாதி தெரியாது.”

“உமக்கு அப்ப என்ன தராதரம் இருந்தது?”

“எங்களுக்கு இருந்தது ஒண்டே ஒண்டு. பள்ளிக்கூடம் திறந்திருக்கோணும். சண்டைக் காலத்தில அதைக் காப்பாத்தினதே பெரிய காரியம், தம்பிராசா. காலமை வெடிச் சத்தம் கேக்கும். ஒன்பது மணிக்கு வாய்ப்பாடு கேக்கும்.”

அதுவும் உண்மை. அந்த நாட்களில் மின்விசிறியும் கதிரையும் இல்லாத மண்டபங்களில், வகுப்புக்கு நாற்பது ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நின்றவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றுகிறது. அவர்களை அளப்பதற்கு ஒரு தாளும் இருக்கவில்லை. பாடக் குறிப்புக் கொப்பியில் அதிபரின் ஒப்பம் விழும். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து குழு வரப்போகிறது என்றால் சுவரில் படங்கள் ஏறும், தரை கழுவப்படும், கெட்டிக்காரப் பிள்ளைகள் முன்வாங்குக்கு வருவார்கள். அவ்வளவுதான்.

“ஆனா ஒண்டு,” என்றார் நடேசன் மாஸ்டர். “நீர்தானே எண்ணுற ஆள். ‘ஓம் சேர்’ எண்டு கத்தின அவ்வளவு பேரிலும் எத்தினை பேருக்கு விளங்கினது எண்டு ஒருக்கா எண்ணிச் சொல்லுமன். எனக்குச் சாகிறதுக்கு முன்னம் தெரிய ஆசையாக் கிடக்கு.”

பகிடியாகத்தான், சிரித்துக்கொண்டு சொன்னார்.

5

நான் எப்படி அந்த வகுப்புக்குள் இருந்தேன் என்று கேட்பீர்கள். இந்தப் பாடசாலையில் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்பதற்கு ஊரிலுள்ள வயது போனவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பிள்ளை வாசிக்கும், நாங்கள் பக்கத்தில் இருந்து கேட்போம். என் ஆங்கில உச்சரிப்பைப் பிள்ளைகள் திருத்துவார்கள். அதற்கும் ஒரு அட்டை எடுக்க வேண்டும், பிள்ளைகளோடு இருக்கத் தகுந்தவர் என்று. முன்பு குடியிருந்த விலாசங்கள் எல்லாம் கேட்டார்கள். எங்கள் வீட்டுக்கு இலக்கம் இருந்ததில்லை. ‘அம்மன் கோயிலுக்குப் பின்பக்கம்’ என்று சொன்னேன். கணினி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த மேசையில் இருந்த பெண், இலக்கம் இல்லாமல் கடிதம் எப்படி வரும் என்று கவலையோடு கேட்டாள். தபால்காரருக்கு என்னைத் தெரியும் என்றேன். அந்த அட்டை வந்துசேர வெகு காலம் எடுத்தது.

இரண்டாவது பார்வை நான் போகும் நாளில் விழுந்தது. நான் வெளியே இருக்கிறேன் என்றேன். ஹெலன் விடவில்லை. பிள்ளைகளுக்குப் பழகின ஆள், இல்லாவிட்டால் தேடுவார்கள் என்றார்.

காரில் மைதிலி எனக்குச் சட்டம் போட்டாள். “அப்பா, பின்னுக்கு இருக்கோணும். செருமக்கூடாது. எண்ணக்கூடாது.”

“மனதுக்குள்ளதானே எண்ணுவன்.”

“உங்கட சொண்டு ஆடும்.”

பிள்ளைகள் இருபத்துமூன்று பேர். உதட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். கிரெக் யன்னல் மூலையில், ஹெலன் கதவு மூலையில். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

மேசையில் ஏழு பேரிக்காய்கள். நான்கு பேருக்குச் சமமாகப் பிரிக்க வேண்டும். மைதிலி பெரிய பலகையில் வரிவரியாக எழுதினாள். முதல் வரியில் ஏழு காய், நான்கு பேர். இரண்டாவது வரியில் ஆளுக்கு ஒரு முழுக்காய், மிச்சம் மூன்று. மூன்றாவது வரியில் அந்த மூன்றையும் நந்நான்காக வெட்டினால் பன்னிரண்டு துண்டு. நான்காவது வரியில் ஆளுக்கு மூன்று துண்டு. ஆகவே ஆளுக்கு ஒன்றே முக்கால். “விளங்கியதா?” என்று அவள் கேட்கவில்லை. பிள்ளைகளிடம் எழுதி அழிக்கிற சின்னப் பலகைகள் இருந்தன. விடையை எழுதித் தூக்கிக் காட்டச் சொன்னாள். இருபத்திரண்டு பலகைகள் எழும்பின. எல்லாவற்றிலும் ஒன்றே முக்கால். டிலன் என்கிற பொடியனுடைய பலகை மட்டும் மேசையில் கவிழ்ந்து கிடந்தது.

இருபத்திரண்டு போதாதா என்று நான் நினைத்தேன். மேலே போ பிள்ளை, போய்விடு.

“டிலன், நீயும் எங்களோடு இருக்கிறாயா?”

“இல்லை மிஸ், எனக்கு விளங்கவில்லை.”

அவள் திரும்பவும் முதல் வரியிலிருந்து உரத்துச் சொல்லத் தொடங்குவாள் என்று நினைத்தேன். நானென்றால் அதைத்தான் செய்திருப்பேன். மைதிலி அவனுடைய மேசைக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள். அவளுடைய முகம் அவனுடைய முகத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது.

“நீயும் நானும் கடைசியாக ஒத்துப்போன வரி எது?”

இந்த இடத்தில் துறைமுகத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கப்பலில் சரக்கு இறங்கும்போது எண்ணுகிறவர்கள் இரண்டு பேர். கப்பல் பக்கத்துக்கு ஒருவர் மேலே தட்டில் நிற்பார், கரைப் பக்கத்துக்கு ஒருவர் கீழே. நான் கரைப் பக்கம். கப்பல் பக்கத்தில் பல காலம் கிண்ணியா முகைதீன் நானா, நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கக்கூடாது. தேத்தண்ணி வேளையில் இரண்டு பேரும் மொத்தத்தைச் சொல்லுவோம். பொருந்தாவிட்டால் என்னைப்போன்ற இளசுகள் சண்டைக்குப் போவோம். முகைதீன் நானாவுக்குச் சண்டை பிடிக்க நேரமில்லை. அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் வரவில்லை. பாதையைத் தவறவிட்டால் அவர் இக்கரையில்தான் படுக்க வேண்டும். பாதை என்று நாங்கள் சொன்னது வாகனமும் ஆளும் ஏற்றி இழுக்கிற மிதவையை. ஆகவே அவர் சொல்வார்: “ஆர் பிழை எண்டு பேசிற வேல வாணாம் தம்பி. நாம கடைசியா எதுல ஒத்து நிண்ட? அங்க இரிந்து வருவம்.” அந்த இடத்துக்குப் போய் அங்கிருந்து வருவோம். சிலவேளை ஒருவரும் பிழைவிட்டிருக்க மாட்டோம். கிழிந்த மூட்டையை ஒருவர் தனியாக எழுதியிருப்பார், மற்றவர் சேர்த்து எழுதியிருப்பார். முகைதீன் நானா நேரத்துக்குப் பாதையைப் பிடித்துவிடுவார்.

டிலன் பெரிய பலகையை நிமிர்ந்து பார்த்தான். விரலை நீட்டி இரண்டாவது வரியைக் காட்டினான். “அதுவரைக்கும் ஒன்றாகத்தான் இருந்தோம். பிறகு நீங்கள் வேறு பக்கம் போய்விட்டீர்கள்.”

“அப்படியா? நீ எந்தப் பக்கம் போனாய்?”

அவன் தயங்கினான். அவள் தன் மேசையிலிருந்து மூன்று காய்களையும் மழுங்கல் கத்தியையும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் இரண்டு காய்களைச் சரிபாதியாக வெட்டினான். நான்கு பாதிகள். மூன்றாவதை மட்டும் நான்காக வெட்டினான். “ஆளுக்கு ஒரு முழுசு, ஒரு பாதி, ஒரு கால். ஆனால் எல்லோரும் முக்கால் என்று எழுதியிருந்தார்கள். அதனால் அழித்துவிட்டேன்.”

மைதிலி ஒரு பாதியையும் ஒரு காலையும் எடுத்து, அதற்குப் பக்கத்தில் மூன்று கால்களை அடுக்கினாள். பிள்ளைகள் எழுந்து வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். “ஒரே அளவு” என்று ஒரு பெண்பிள்ளை மெதுவாகச் சொன்னது.

பிறகு அவள் செய்ததுதான் என்னை அசைத்தது. எல்லோரையும் சின்னப் பலகையை அழிக்கச் சொன்னாள். டிலன் போன வழி ஏன் சரி என்று ஒரு படம் கீறிக் காட்டச் சொன்னாள். முன்பு எழும்பிய இருபத்திரண்டில் எட்டுப் பலகைகள் இப்போது எழும்பவில்லை. அந்த எட்டுப் பேரும் பெரிய பலகையிலிருந்த வரியைப் பார்த்து எழுதியவர்கள். அவள் அந்த எட்டு மேசைகளையும் கண்ணால் தொட்டு மனதில் வைத்துக்கொண்டதைக் கண்டேன். அவர்களை மேசையடிக்குக் கூப்பிட்டாள். பேரிக்காய்களைக் கையில் கொடுத்தாள்.

வீதிவரை கேட்ட அந்த ‘ஓம் டீச்சர்’ எனக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் இப்படி எத்தனை மேசைகள் இருந்திருக்கும்.

6

பாடம் முடிந்ததும் கிரெக்கும் ஹெலனும் தங்கள் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு மூலையிலிருந்து எழுதிய இரண்டு பேரும் ஒரே இடத்தைச் சுற்றி, அவள் டிலனிடம் கேட்ட கேள்வியைச் சுற்றி, வட்டம் போட்டிருந்தார்களாம். ஆனாலும் உடனே ஒப்பமிடவில்லை. மைதிலியிடம் ஒன்றும் கேட்கவுமில்லை. விளையாட்டு நேரத்தில் டிலனைக் கூப்பிட்டு, இன்று என்ன படித்தாய் என்று கேட்டார்கள். அவன் சொன்னதைக் கிரெக் வந்து எங்களுக்குச் சொன்னார்:

“மிஸ் தம்பியும் நானும் ஒரே இடத்துக்குத்தான் போனோம். வேறு வேறு ரோட்டால் போனோம்.”

அதற்குப் பிறகுதான் இருவரும் ஒப்பமிட்டார்கள். மைதிலி நன்றி சொல்லிவிட்டு, கழுவும் இடத்துக்குப் போய்க் கத்தியை வெகுநேரம் கழுவினாள். நான் அந்தப் பக்கம் போகவில்லை.

என்னுடைய பெயரை ஒரு வெள்ளைக்காரப் பொடியன் தன் சாட்சியத்தில் சேர்த்துச் சொன்னது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையில் காரில் ஏறியதும் கேட்டேன்:

“பிள்ளை, அது முகைதீன் நானாட கேள்வியெல்லோ? நான் சாப்பிடேக்க சொல்லுறதைக் கேட்டு வைச்சிருக்கிறாய்.”

“ஆர் முகைதீன் நானா?”

“கிண்ணியா. கப்பல் பக்கத்தில நிண்டவர்.”

“எல்லாத்தையும் உங்கட துறைமுகத்தில கொண்டுபோய்க் கட்டாதேங்கோ அப்பா. போன முறை பிழைச்சதில இருந்து நித்திரை கொள்ளாம யோசிச்சது எனக்குத்தான் தெரியும்.” கொஞ்சத் தூரம் போனபின் சொன்னாள்: “இருக்கலாம். எனக்குத் தெரியாது. அவன் ‘இல்லை’ எண்டு சொல்லேக்க எனக்கு ஒண்டுமே ஞாபகம் வரேல்ல. அவன்ர முகம்தான் தெரிஞ்சுது.”

முதலாவது தராதரம் ஏன் முதலாவதாக இருக்கிறது என்பது எனக்கு அந்த இடத்தில், சமிக்ஞை விளக்குக்குக் காத்திருந்தபோது விளங்கியது.

7

அன்று பின்னேரம் பேத்தி ஆரபி பாடசாலை விட்டு வந்தாள். மைதிலியின் ஒரே மகள், பத்து வயது. அவள் பழத்துண்டு சாப்பிடும் நேரத்தில் நான் ஊர்க் கதை சொல்லுவது எங்கள் வழக்கம். பிள்ளை தமிழை விட்டுவிடக்கூடாது என்பதற்காக நானே ஏற்படுத்திய வழக்கம். தாயோடும் தகப்பனோடும் ஆங்கிலம். என்னோடு மட்டும் தமிழ், அதுவும் இரண்டே சொல். நான் கதை சொல்வேன். அவள் கைக்கணினியில் விரலை ஓட்டிக்கொண்டு, “ஓம் அம்மப்பா” என்பாள். இன்னும் கொஞ்சம் சொல்வேன். “ஓம் அம்மப்பா.” மற்ற வீட்டுப் பிள்ளைகள் பதிலே சொல்வதில்லை, எங்கள் பிள்ளை ‘ஓம்’ என்கிறாள் என்று நான் நடேசன் மாஸ்டருக்குச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அன்றைக்கும் தொடங்கினேன். கப்பல் வந்தது. சீனி மூட்டை. முன்பக்க அணியத்தில் நங்கூரம் இறங்குகிறது. முகைதீன் நானா தட்டிலிருந்து எட்டிப் பார்க்கிறார், வெள்ளைத் தொப்பி, காதில் பென்சில்.

“ஓம் அம்மப்பா.”

நான் நிறுத்தினேன். அவள் நிமிரவில்லை. கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டேன். என்னால் குந்த ஏலாது, முழங்கால் விடாது. ஆகவே கதிரையில் இருந்து குனிந்தேன்.

“ஆரபி. நான் சொல்லுற கதையில கடைசியா உனக்கு விளங்கினது எதுவரைக்கும்?”

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இருக்கிறேனா என்று பார்த்தாள். இல்லை என்று கண்டபின் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். பேரிக்காய்த் துண்டு கையில் அப்படியே நின்றது.

“கப்பல் வந்தது,” என்றாள். “அதுவரைக்கும்.”

அது என் கதையின் முதல் வசனம். இன்றைய கதைக்கு மட்டுமல்ல, அநேகமாக எல்லாக் கதைக்கும். நான் எவ்வளவு மூட்டைகளை இறக்கியிருக்கிறேன், ஒன்றும் கரைக்கு வரவில்லை. ஆனால் எனக்குத் துக்கமாக இருக்கவில்லை. பிள்ளை உள்ளதைச் சொல்லிவிட்டாள். ஒத்துநின்ற ஒரு இடம் இருக்கிறது.

“சரி,” என்றேன். “கப்பல் வந்தது.”

இந்த முறை அத்தோடு நிறுத்திக்கொண்டு காத்திருந்தேன். கூரையில் கிளிகள் கத்தின. எண்ணவில்லை.

ஆரபி கைக்கணினியைக் கவிழ்த்து வைத்தாள்.

“எந்தக் கப்பல்?” என்று கேட்டாள்.